கைமாறிய அச்சுக்கூடம்

நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்ற் துபாயில், கராமாவில் இருக்கிறது. போன மாதம் புதிய மெனு அட்டை அடிக்கக் கொடுத்தார்கள். அரபி, ஆங்கிலம், மலையாளம், தமிழ் என்று நாலு மொழி. தமிழ்ப் பகுதியின் புறூவ் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்து, முடிக்காமல் வந்தவன் என்பது முதலாளிக்குத் தெரியும். மத்தியானச் சனம் குறைந்தபிறகு, கோப்பை கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தேன். 'இடியபபம' என்றிருந்தது. ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை. தமிழ் தெரியாத ஒரு பெடியன் கொம்பியூட்டரில் அடித்தது. அவனைக் குறைசொல்ல முடியாது. ஓலைச்சுவடிகளிலும் பொதுவாகப் புள்ளி இடமாட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். படித்தவன் ஊகித்து வாசிப்பான், படியாதவன் அவன் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஓலையிலிருந்து தாளுக்கு வந்தபோது எங்கள் சமூகத்தில் என்ன நடந்தது என்று அன்றிரவு அறையில் படுத்தபடி யோசித்தேன். அந்த யோசனைதான் இக்கட்டுரை.

ஐரோப்பாவில் கூட்டன்பேர்க் 1455 அளவில் பைபிளை அச்சடித்தார். 1517இல் லூதர் தொடங்கிய சமயக் கலகம் அச்சின் முதுகில் ஏறித்தான் ஊரூராகப் போனது. தமிழுக்கு அச்சு வந்ததும் சமயத்தின் கையாலேதான். 1578இல் கொல்லத்தில் அன்றிக்கே அன்றீக்கஸ் பாதிரியார் பதினாறு பக்கங்களில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இந்திய எழுத்து ஒன்றில் அச்சான முதல் நூல் அது. அதன்பின் தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1713 முதல் தமிழில் அச்சிட்டார். இவையெல்லாம் வந்தவர்களின் யந்திரங்கள். பேசும் வாய் அவர்களுடையது, கேட்கும் காது எங்களுடையது.

யாழ்ப்பாணத்திலும் கதை அப்படித்தான் தொடங்குகிறது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தார்கள். 1820இல் ஜேம்ஸ் கரற் என்ற அச்சாளர் வந்து சேர்ந்தார். அமெரிக்கர் தொகை கூடுவதை விரும்பாத ஆங்கிலேய ஆட்சி அவரை வெளியேறச் சொன்னது. மிசனின் அச்சு யந்திரம் நல்லூரில் இருந்த ஆங்கிலத் திருச்சபை மிசனிடம் போனது. 1830களில் தடை தளர்ந்தபின் மைனர் என்ற அச்சாளர் வந்தார். மானிப்பாய் அச்சுக்கூடம் ஓடத் தொடங்கியது. துண்டுப்பிரசுரங்களும் பள்ளிப் புத்தகங்களும் குவிந்தன. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. 1842இல் மானிப்பாய் அகராதி வந்தது.

சைவம் பொய் என்று எழுதிய தாள் வீடுவீடாகப் போனபோது, பதில் சொல்லக்கூடியவர்களிடம் ஓலையும் எழுத்தாணியுமே இருந்தன. ஒரு பிரதி எழுதி முடிப்பதற்குள் மற்றவர் ஆயிரம் அடித்துவிடுவார். இந்தக் கணக்கை நன்றாக விளங்கிக்கொண்டவர் ஆறுமுக நாவலர். காரணம், அவர் எதிர்ப்பக்கத்தின் உள்ளே இருந்து பார்த்தவர். பேர்சிவல் பாதிரியாரிடம் ஆசிரியராக வேலை செய்து, பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வாராந்தப் பிரசங்கம் தொடங்கினார். பாதிரிமாரின் முறையை அவர்களிடமே கற்றுக்கொண்டார். 1848இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1849இல் தமிழகம் போய் அச்சு யந்திரம் வாங்கி வந்தார். அதுவே வித்தியாநுபாலன யந்திரசாலை.

அங்கிருந்து வந்தவற்றில் சமய வாதம் மட்டும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள் வந்தன. 1852இல் பெரியபுராணம் வசனமாக வந்தது. பாட்டைப் பிரித்துப் பொருள் சொல்ல ஒரு புலவர் பக்கத்தில் இல்லாமலே, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவன் தன் சமயத்தைத் தானே வாசிக்கலாம் என்று ஆயிற்று. சொற்களைப் பிரித்து, குறியீடுகள் இட்டு எழுதிய அவரது வசனம் அச்சுக்கென்றே பிறந்த தமிழ். மிசனுக்கு எதிராக எழுந்த சைவம், பழைய சைவம் அப்படியே அல்ல. வினாவிடை, பாடப்புத்தகம், பிரசங்கம் என்று அதுவும் உருமாறியது.

மிசனின் வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை இன்னொரு வழியில் போனார். 1881இல் வீரசோழியம், 1887இல் கலித்தொகை. தொட்டால் உதிரும் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு அச்சேற்றினார். உ.வே. சாமிநாதையரின் சிந்தாமணியும் அதே 1887. கண்டியில் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலேயர் எகிப்திலிருந்து நாடுகடத்திய அராபி பாஷா 1883இல் இலங்கை வந்தபோது, அவரோடு சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்குப் பாடுபட்டார். அரபு நாட்டு அகதி ஒருவர் எங்கள் தீவில் இருந்த காலமும் உண்டு. அரபு நாட்டில் கோப்பை கழுவும் நான் அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. இதோடு நிறுத்திக்கொள்வது எம்மவர் வழக்கம். ஆனால் நாவலர் சாதி ஒழுங்கைக் கைவிடவில்லை. அச்சு பாதிரியாரிடமிருந்து அவர் கைக்கு வந்தது, ஆனால் கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர் கைக்கு வரவில்லை. அதற்கு இன்னொரு நூற்றாண்டு பிடித்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே இருக்க முடியாது. வெளியே நின்று போத்தலிலோ தகரப்பேணியிலோ குடிக்கவேண்டும். 1960களிலும் இதற்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகக் கேட்டவர்கள் தடுக்கப்பட்டார்கள். இங்கே வங்காளி, மலையாளி, பாகிஸ்தானி, சிங்களவர் குடித்த கோப்பையெல்லாம் ஒரே தொட்டியில் விழுகிறது. அதைக் கழுவுகிற எனக்கு இந்த வரலாறு வெட்கமாக இருக்கிறது.

அந்த 1966இல்தான் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கினார். சலூனில் முடிவெட்டும் தொழில் செய்த மனிதர். எழுத்துக் கோத்து அடித்த இதழைத் தானே தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார். நாற்பது வருடங்களுக்கு மேல் அந்தச் சஞ்சிகை வந்தது. 1972இல் கே. டானியலின் 'பஞ்சமர்' வந்தது. நாவலருக்கு மிசன் அச்சுக்கூடம் எப்படியோ, இவர்களுக்கு நாவலர் வழிவந்த தமிழ் அப்படி. அந்த வசனத்தையே எடுத்து, அது சொல்லாமல் விட்டதைச் சொன்னார்கள். எங்கள் அச்சு வரலாற்றில் நான் காண்பது இதுதான்: யந்திரத்தைக் கொண்டுவந்தவரிடமே அது நிற்பதில்லை. ஆனால் தானாகக் கைமாறுவதும் இல்லை, ஒருவர் போய் எடுக்கவேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 97,000 வரையான நூல்கள் போயின. பல பிரதிகளாக அச்சாகிப் பல ஊருக்குப் போனவை பின்னர் வேறெங்காவது கிடைத்தன. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகள் போனது போனதுதான். அச்சேறாதது எரிந்தால் சாம்பல், சொல்லாதது செத்தால் அதுவுமில்லை.

எங்கள் கடைக்குச் சிலவேளை ஹற்றன் பக்கத்து அக்கா ஒருவர் வருவார். பன்னிரண்டு வருடமாக வளைகுடா வீடுகளில் வேலை. சாப்பிட்டு முடிக்கும்வரை கதை சொல்லுவார். எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்காத கதைகள். "இதை எழுதுங்கோ அக்கா" என்றேன். "எனக்கு என்னாத்த எழுத வருது தம்பி" என்று சிரித்தார். பிறகு நான் புள்ளி வைத்துத் திருத்திய மெனு அட்டையை எடுத்து, இடியப்பம், பிட்டு, சொதி என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். ஒரு பிழையும் இல்லை.

அடுத்தமுறை வரும்போது அவருக்கு ஒரு கொப்பியும் பேனையும் கொடுப்பதாக இருக்கிறேன்.