நரம்புக்கும் நோய் எதிர்ப்புக்கும் என்ன உறவு? மீன் சொல்லும் பதில்

ஆசிரியர் நண்பர்களே, நரம்பு மண்டலம் ஒரு பாடம், நோய் எதிர்ப்பு இன்னொரு பாடம் என்றுதான் நாம் படித்தோம், நடத்துவதும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் பேச்சுவார்த்தை உண்டு என்பது தெரியவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போமா?

1921இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது! நரம்பு வேதிப்பொருள் மூலமாகவும் பேசுகிறது என்பது அப்போது தெளிவானது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். 1946இல் நோர்அட்ரினலினும் நரம்புக்கடத்தி என்று உல்ஃப் வான் ஆய்லர் காட்டினார்.

ஆனாலும் நோய் எதிர்ப்பு தன் போக்கில் இயங்குகிறது என்றே பலரும் நம்பினார்கள். 1975இல் ராபர்ட் ஏடரும் நிக்கோலஸ் கோஹனும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரையும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு மருந்தில்லாமல் இனிப்பு நீர் மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்புச் சக்தி குறைந்தது. மூளைக்கு இதில் பங்கில்லை என்று இனி எப்படிச் சொல்வது? 1981இல் டேவிட் ஃபெல்டன் குழுவினர் மண்ணீரலுக்குள் ஓடும் நரம்பு இழைகளைப் பற்றி எழுதினார்கள். 1989இல் கோஹோ சால்மன் மீனின் மண்ணீரலிலும் நரம்புகள் இருப்பது பதிவானது.

இந்த உறவைப் புரிந்துகொள்ள மீன் ரொம்ப நல்ல எடுத்துக்காட்டு. மீன் எலும்புக்குள் இரத்த அணுக்கள் உருவாவதில்லை. அந்த வேலையைத் தலைச் சிறுநீரகம் என்ற உறுப்பு பார்க்கிறது. அட்ரினலின் சுரக்கும் செல்களும் கோர்ட்டிசோல் சுரக்கும் செல்களும் அதே உறுப்புக்குள்தான் இருக்கின்றன. மீன் மிரண்டால், நரம்பு முனையில் லோவி கண்ட அதே அசிட்டைல்கோலின் வெளிப்படும். உடனே அட்ரினலின் சுரக்கும். பக்கத்திலேயே வெள்ளையணுக்கள்! கெண்டை மீனின் வெள்ளையணுக்களில் அட்ரினலினுக்கான ஏற்பிகளும் இருக்கின்றன. ஆகவே மூளையின் செய்தி அவற்றுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது.

வலையில் பிடிப்பது, நெருக்கி அடைப்பது, ஏற்றிச் செல்வது எனத் தொல்லை நீண்டால் கோர்ட்டிசோலும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடும். கிருமி புதிதாக வர வேண்டியதில்லை. தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதே போதும்.

அடுத்த முறை, "மீனுக்குப் பயம் வந்தா நோய் வருமா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டால் சிரித்துவிடாதீங்க. இரண்டு பாடங்களையும் இணைக்கும் கேள்வி அது.