ஓட்டத்தை அளந்தவர்கள்: நூர்மியின் கடிகாரம் முதல் செய்மதி வரை

1924 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் 1,500 மீற்றர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடைபெற்றது. முன்னணியில் ஓடிய பின்லாந்து வீரர் பாவோ நூர்மியின் கையில் ஒரு நிறுத்தற் கடிகாரம் இருந்தது. பின்னால் வருபவர்களைத் திரும்பிப் பார்ப்பதை விட அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே அவர் கூடுதல் கவனம் செலுத்தினார். இறுதிச் சுற்று நெருங்கியதும் கடிகாரத்தைப் புற்தரையில் வீசிவிட்டு வேகத்தைக் கூட்டித் தங்கப் பதக்கத்தை வென்றார். சிறிது ஓய்வின் பின்னர் அதே நாளில் 5,000 மீற்றர் ஓட்டத்திலும் வெற்றி அவருக்கே கிட்டியது.

இது தற்செயலாக வாய்த்த வெற்றியன்று. மூன்று வாரங்களுக்கு முன்னர் ஹெல்சிங்கியில் இவ்விரு தூரங்களையும் ஒரு மணி நேர இடைவெளியில் ஓடிப் பார்த்து, இரண்டிலும் உலக சாதனை நிலைநாட்டியிருந்தார் நூர்மி. தன்னால் எவ்வளவு முடியும் என்பதை அவர் ஏற்கனவே அளந்து அறிந்திருந்தார். துர்க்கு நகரில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, குடும்பத்துக்காக உழைக்க நேர்ந்த அந்த மனிதர் 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் 9 தங்கப் பதக்கங்களையும் 3 வெள்ளிப் பதக்கங்களையும் வென்றார்.

இன்று காலையிலும் மாலையிலும் வீதியோரங்களில் ஓடுவோரின் மணிக்கட்டுகளில் காணப்படும் கருவிகளுக்கு நூர்மியின் கடிகாரமே முன்னோடி எனலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நூர்மியின் கடிகாரம் சொன்ன செய்தி நூர்மிக்கு மாத்திரமே கேட்டது. இன்றைய கடிகாரம் சொல்வதைக் கேட்பவர்கள் பலர். அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது பயனுடையது.

நாடித்துடிப்பின் கணக்கு

நேரத்தை அளந்த பின்னர் அடுத்ததாக அளக்கப்பட்டது இதயம். 1930 களில் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரைன்டெல் என்ற இதயநோய் மருத்துவரும் இணைந்து ஒரு பயிற்சி முறையை வகுத்தனர். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு உயரும் வரை வேகமாக ஓட வேண்டும். அது 120 ஆகக் குறையும் வரை ஓய்வெடுக்க வேண்டும். பிறகு மீண்டும் ஓட வேண்டும். இடைவெளிப் பயிற்சி என்று இன்று உலகெங்கும் அறியப்படும் முறையின் அடித்தளங்களுள் இதுவும் ஒன்று.

கெர்ஷ்லரின் மாணவரான ருடோல்ப் ஹார்பிக், 1939 ஜூலையில் மிலான் நகரில் 800 மீற்றர் தூரத்தை 1 நிமிடம் 46.6 செக்கன்களில் ஓடி முடித்தார். அதற்கு முந்திய சாதனையை விட இது 1.8 செக்கன் குறைவு. அந்தச் சாதனை 16 ஆண்டுகள் அசையாமல் நின்றது. சாதனையாளர் அத்தனை காலம் வாழவில்லை. இரண்டாம் உலகப் போரின் கிழக்குப் போர்முனையில் 1944 இல் அவர் உயிரிழந்தார்.

இந்த முறையில் ஒரு சிக்கல் இருந்தது. நாடியை விரல் வைத்து எண்ணுவதற்கு ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய கணத்திலிருந்தே துடிப்பு குறையத் தொடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயத்தைக் கேட்பது எப்படி? இதற்கான விடையும் நூர்மியின் நாட்டிலிருந்தே வந்தது. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சைனாயகங்கஸ், பனிச்சறுக்கு வீரர்களின் இதயத் துடிப்பைப் பயிற்சியின்போதே அறிய வேண்டும் என்ற தேவையைப் பயிற்சியாளர் ஒருவரிடமிருந்து அறிந்து அதில் ஈடுபட்டார். 1977 இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். இதயத்தின் மின் சமிக்ஞையை மார்பில் கட்டிய பட்டி உணர்ந்து, கம்பியில்லா முறையில் மணிக்கட்டுக்கு அனுப்பும் கருவியை அந்நிறுவனம் 1982 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இன்றைய கைப்பட்டிகள் பலவற்றுக்கு மார்புப் பட்டி தேவையில்லை. அவற்றின் அடிப்புறத்தில் ஒளிரும் பச்சை விளக்கு தோலினூடாக ஒளியைச் செலுத்துகிறது. இரத்தம் அந்த ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்தத்தின் அளவு மாறுவதால் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணியே துடிப்பு கணிக்கப்படுகிறது.

பத்தாயிரம் அடிகள்

சாதாரண மக்களிடம் இந்த அளவைப் பழக்கத்தைக் கொண்டுசென்றது ஜப்பான். 1964 இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விழா நடந்து முடிந்ததும் உடற்பயிற்சியில் அந்நாட்டு மக்களுக்கு ஆர்வம் பெருகியது. அடுத்த ஆண்டே யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் செருகும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் மன்போ-கெய். பத்தாயிரம் அடிகளின் மானி என்பது அதன் பொருள்.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் நடக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் ஓதப்படும் உபதேசத்தின் ஊற்று இந்த விற்பனைப் பெயரே தவிர, மருத்துவ ஆய்வுக்கூடமன்று. 2019 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, சராசரி வயது 72 ஆகவுள்ள 16,741 பெண்களின் நடையை அளந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடிகள் நடந்தவர்களிடையே கூட, 2,700 அடிகள் மட்டும் நடந்தவர்களை விட இறப்பு வீதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் அந்தப் பயன் கூடவில்லை. கருவி காட்டும் எண் துல்லியமாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்கு இலக்கு வகுத்தவர் யார், எதற்காக வகுத்தார் என்ற கேள்வி வேறு.

போர்க்களத்திலிருந்து ஓடுபாதைக்கு

நேரம், துடிப்பு, அடி ஆகியவற்றுக்குப் பிறகு எஞ்சியிருந்தது இடம். அதை அளக்கும் வழியைத் திறந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம். ஜி.பி.எஸ் எனப்படும் அமைப்பின் முதற் செய்மதி 1978 இல் ஏவப்பட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் இச்செய்மதிகள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகள் வந்துசேரும் நேரங்களை ஒப்பிட்டே நமது கருவி தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. நூர்மி கையில் வைத்திருந்த கடிகாரமே வானத்துக்கு ஏறிவிட்டது என்று சொன்னாலும் தவறில்லை.

இராணுவத்துக்காக உருவான இந்த அமைப்பு பொதுமக்களுக்குக் கிடைத்ததன் பின்னணியில் ஒரு துயரச் சம்பவம் உண்டு. 1983 செப்டெம்பர் 1 ஆம் திகதி, பாதை தவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். செய்மதி அமைப்பு நிறைவு பெற்றதும் அது சிவிலியன் பயன்பாட்டுக்கும் இலவசமாக வழங்கப்படும் என அதே மாதத்தில் ஜனாதிபதி ரீகனின் அரசு அறிவித்தது.

ஆயினும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. அதனால் இடம் ஏறத்தாழ 100 மீற்றர் வரை பிசகிக் காட்டும். ஒரு வீதியில் ஓடுபவர் அடுத்த வீதியில் ஓடுவதாகத் தோன்றுவார். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவின்படி அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகே ஓடுபவரின் மணிக்கட்டில் செய்மதி பொருளுள்ள கருவியாயிற்று. 2003 இல் கார்மின் நிறுவனம் ஓட்டக்காரர்களுக்கென ஜி.பி.எஸ் கடிகாரத்தை வெளியிட்டது. 2006 இல் நைக்கி நிறுவனமும் அப்பிள் நிறுவனமும் சேர்ந்து, சப்பாத்தினுள் வைக்கும் சிறு உணரியைப் பாட்டுக் கேட்கும் ஐபொட் கருவியுடன் இணைத்தன. 2009 இல் ஸ்ட்ராவா தொடங்கப்பட்டது. ஓடியதைப் பதிவதோடு நிற்காமல் அதைப் பிறர் பார்க்கவும் பாராட்டவும் ஒப்பிடவும் அது வழி செய்தது.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. அதுவரை அளவை என்பது ஓடுபவர் தன்னைப் பற்றித் தானே அறியும் முயற்சியாக இருந்தது. இப்போது அது ஓடுபவரைப் பற்றிப் பிறர் அறியும் ஏற்பாடாகவும் ஆகிவிட்டது.

வரைபடம் காட்டிக்கொடுத்தது

2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம், தனது பயனாளர்களின் நூறு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைத் திரட்டி ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. மக்கள் அதிகம் ஓடிய, மிதிவண்டி மிதித்த பாதைகள் அதில் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. பெயர்கள் எவையும் இல்லை. பார்ப்பதற்கு அழகான படம்.

2018 ஜனவரி இறுதியில் நேதன் ரூசர் என்ற அவுஸ்திரேலிய மாணவர் அந்தப் படத்தை வேறொரு கண்ணால் பார்த்தார். ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் அதில் முழுமையாக ஒளிர்ந்தன. சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலுமோ பரந்த இருளின் நடுவே ஆங்காங்கே சிறு ஒளிக்கட்டங்கள் மாத்திரம் தெரிந்தன. அங்கே கைப்பட்டி அணிந்து ஓடியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் படையினரே. முகாம்களின் சுற்றுமதிலோரம் நாள்தோறும் ஓடிய ஓட்டம், அம்முகாம்களின் உருவத்தையே வரைந்து கொடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில், போலார் நிறுவனத்தின் இணைய வரைபடத்தைக் கொண்டு இராணுவ, புலனாய்வுப் பணியாளர்கள் உள்ளிட்ட 6,000 க்கும் மேற்பட்டோரை இனங்காண முடிந்ததாக பெலிங்கட் இணையத்தளமும் டச்சு ஊடகம் ஒன்றும் வெளிப்படுத்தின. பலருடைய வீடுகளைக் கூட அறிய முடிந்தது. அந்த வரைபட வசதியை நிறுவனம் இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதத்தில் பென்டகன், களப்பணியில் இருக்கும் படையினர் இடங்காட்டும் வசதிகளைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது.

இராணுவம் தனக்கெனப் படைத்த கருவி பொதுமக்களிடம் சென்று, அவர்களுடைய பொழுதுபோக்காகி, இறுதியில் அதே இராணுவத்தின் இருப்பிடங்களைக் காட்டிக்கொடுத்தது. இதை விடப் பெரிய முரண் வரலாற்றில் அரிது.

பாடம் கற்கப்பட்டதா என்றால் இல்லை. 2023 ஜூலையில் ரஷ்யாவின் கிராஸ்னதார் நகரில் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலின் முன்னாள் கட்டளைத் தளபதி ஒருவர் காலை ஓட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தமது ஓட்டப் பாதைகளை அவர் ஸ்ட்ராவாவில் பதிந்து வந்தமை பின்னர் செய்திகளில் வெளியானது. அதுவே கொலையாளிக்கு வழிகாட்டியது என்று உறுதியாகக் கூறுவதற்கில்லை. ஆனால் தேடுபவருக்கு அந்தப் பாதை திறந்தே கிடந்தது. 2024 ஒக்டோபரில் பிரான்சின் லு மொண்ட் பத்திரிகை, அமெரிக்க, பிரெஞ்சு, ரஷ்ய ஜனாதிபதிகளின் மெய்ப்பாதுகாவலர்கள் சிலர் பதிந்த ஓட்டங்களைக் கொண்டே அத்தலைவர்களின் நடமாட்டத்தை ஊகிக்க முடியும் என்று எடுத்துக்காட்டியது. உலகின் மிகக் கடுமையான பாதுகாப்பு வளையத்தை ஒரு காலை ஓட்டம் துளைத்துவிட்டது.

நம்மைப் போன்றவர்களுக்கு இதனால் என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நமக்கு முகாம்கள் இல்லை, காவலர்களும் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் ஓட்டப் பாதை, வீடு எதுவென்பதைச் சொல்லிவிடுகிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஓடும் பழக்கம், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தையும் சொல்லிவிடுகிறது. தனியாக ஓடும் பெண்ணுக்கு இது சிறிய விடயமன்று. அதற்கும் மேலாக, இதயத் துடிப்பும் உறக்கமும் இன்று வணிகப் பண்டங்கள். கூகுள் நிறுவனம் 210 கோடி டொலருக்கு பிட்பிட் நிறுவனத்தை வாங்க முற்பட்டபோது, அந்தச் சுகாதாரத் தரவுகளைப் பத்து ஆண்டுகளுக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனையுடனேயே 2020 டிசெம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு அனுமதி அளித்தது. அத்தகைய நிபந்தனை விதிக்க வலுவுள்ள அமைப்புகள் எல்லா நாடுகளிலும் இல்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அளப்பது தீதன்று. தன் எல்லையை அளந்து அறிந்ததால்தான் நூர்மி ஒரே நாளில் இரண்டு தங்கம் வென்றார். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் மறைக்கவும், பதிவைத் தான் மட்டும் பார்க்கவும் செயலிகளில் வசதி உண்டு. அதைத் தேடிப் பிடித்து மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாதவர்களுள் ஜனாதிபதிகளின் காவலர்களும் அடங்குவர் என்பதே இந்த வரலாறு நமக்குத் தரும் எச்சரிக்கை. ஓடுவது நமது கால்கள். துடிப்பது நமது இதயம். அவற்றின் கணக்கு யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்களும் நாமாகவே இருக்க வேண்டும்.