குறத்தி சொன்ன மலைவளம்

தென்காசியை அடுத்த மேலகரம், பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நூலுக்குப் பரிசாக அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது.

தன்மை நவிற்சி, உயர்வு நவிற்சி என்ற அணிப் பெயர்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் பின்னதை அதிசயம் என்று வழங்கும். இவ்விரண்டும் குறவஞ்சியின் மலைவளப் பாட்டில் ஒன்றாய் நிற்கின்றன. கடுவன் மந்திக்குப் பழம் கொடுத்துக் கொஞ்சுவது தன்மை. அருவித் திரை வான்வரை எழும்பி, கதிரவன் தேரும் குதிரைகளும் வழுக்கி விழுவது உயர்வு.

இதனைக் கூறுபவள் யார்? புலவரல்லர்; வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வந்த குறத்தி. தன் வாக்கை நம்பவைப்பது அவள் தொழில். ஆதலின் எவரும் காணும் குரங்கை முதலிற் காட்டுகிறாள். கேட்பவள் தலையசைத்த பின்னரே ஞாயிற்றை வழுக்க விடுகிறாள். என்ன சாமர்த்தியம்!

குற்றாலத்தில் வாழ்ந்து 1954ஆம் ஆண்டில் மறைந்த ரசிகமணி டி. கே. சி., இலக்கண நுணுக்கத்தினும் கவியின் உணர்ச்சியையே பெரிதெனக் கொண்டவர். அவர் பக்கம் நியாயம் மிக உண்டு. எனினும், அவ்விரு பெயர்களும் இல்லையேல் குறத்தி நம்மை எவ்விடத்தில் மண்ணினின்று தூக்கினாள் என்பதை நான் கண்டிரேன்.

ஆனி, ஆடிச் சாரலில் ஐந்தருவிப் பக்கம் சென்று பாருங்கள். நண்பகலிலும் வெயில் தெரியாது, பாறையெல்லாம் வழுக்கும்.