மலாக்கா முற்றுகையும் ஜொகூரின் பங்கும்

மலாக்காவில் எஞ்சி நிற்கும் சந்தியாகோ வாயிலின் முகப்பில் 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை மட்டும் காணும் மாணவர், இக்கோட்டையை ஒல்லாந்தர் தனித்தே வென்றனர் என்று கருதக்கூடும். வரலாறு அவ்வாறன்று.

1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டை இது. 1606-இல் டச்சுத் தளபதி மாத்தலீஃப், ஜொகூரோடு உடன்படிக்கை செய்துகொண்டு இதனை முற்றுகையிட்டார். கோவாவிலிருந்து போர்த்துக்கீசியக் கப்பற்படை வந்தமையால் அம்முயற்சி தோற்றது. கடல்வழி உதவி வரும்வரை கரையோரக் கோட்டை பணியாது என்பதே அத்தோல்வி தந்த பாடம்.

1640-இல் டச்சுக் கப்பல்கள் கடலை அடைத்தன. ஆகஸ்ட்டில் படை கரையிறங்கியது. ஜொகூர் வீரர்கள் தளவாடங்களைச் சுமந்தனர், பீரங்கி மேடைகள் அமைக்க உதவினர், காட்டுவழிகளை மறித்தனர். கோட்டைக்குள் பசியும் நோயும் பெருகின. முற்றுகையிட்டோரையும் நோய் தாக்கியது; டச்சுத் தளபதிகள் இருவர் அடுத்தடுத்து மாண்டனர். 1641 ஜனவரி 14-இல் நிகழ்ந்த இறுதித் தாக்குதலில் கோட்டை வீழ்ந்தது.

ஜொகூர் அரசர் பழைய மலாக்கா சுல்தான்களின் வழித்தோன்றல். தம் முன்னோர் இழந்த நகரை மீட்கத் துணைநின்றும், அந்நகர் ஒல்லாந்தர் வசமே சென்றது. வாயிற்கல்லிலும் அவர்கள் சின்னமே நிலைத்தது. கல்லில் உள்ளதைப் படிப்பதோடு, அதைப் பொறித்தவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்கள், அச்சின்னத்தைக் காட்டுகையில் ஜொகூரின் பெயரையும் சொல்ல வேண்டுகிறேன்.