முதல் ட்ரையத்லனுக்குத் தயாராவது: வளைகுடாத் தமிழருக்கான வழிகாட்டி

ஒரே போட்டியில் முதலில் நீந்தி, அடுத்துச் சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடி முடிப்பதே ட்ரையத்லன். நெடுமுப்போட்டி என்றும் தமிழில் எழுதுகிறார்கள். அபுதாபி, டுபாய், பஹ்ரெய்ன், ஓமான் எனப் பல இடங்களில் குளிர்காலம் வந்தால் இதுவே பேச்சு. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் பெயர் பதிந்துவிட்டார் என்றதும், நாற்பது ஐம்பது கடந்த எம்மவர்களும் "எங்களால் முடியுமா?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலானோரால் முடியும். ஆனால் அந்த ஆயத்தம் புதிய சைக்கிள் வாங்குவதில் அல்ல, தண்ணீரில் தொடங்க வேண்டும்.

எந்தத் தூரம்?

இன்றைய வடிவிலான முதற்போட்டி 1974 செப்டெம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்தது. 46 பேர் கலந்துகொண்டனர். 1978இல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் போட்டி நடந்தபோது 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ட்ரையத்லன் ஒலிம்பிக் விளையாட்டானது. 2022 நவம்பரில் உலகத் தொடரின் இறுதிப் போட்டி அபுதாபியின் யாஸ் தீவில் நடைபெற்றது.

அயர்ன்மேன் என்ற பெயரைக் கேட்டே பலர் பின்வாங்குகிறார்கள். அது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 70.3 என்பது அதில் பாதி. ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கி.மீ. புதியவருக்குரியது ஸ்பிரிண்ட்: 750 மீற்றர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். சில போட்டிகளில் இதிலும் குறைந்த சுப்பர் ஸ்பிரிண்ட் பிரிவும் உண்டு.

ஸ்பிரிண்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெதுவாக நீந்தினால் 25 நிமிடம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சைக்கிளுக்கு 60 நிமிடம். கிலோமீற்றருக்கு 8 நிமிடம் என்ற மெல்லோட்டத்தில் 40 நிமிடம். உடுப்பு, சப்பாத்து மாற்ற 10 நிமிடம். மொத்தம் இரண்டேகால் மணித்தியாலம். போட்டிக்குப் போட்டி நேர எல்லை வேறுபடும். பெயர் பதியுமுன் அதைப் பார்த்து, இந்தக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றில் இரண்டு எமக்குத் தெரியும்

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தைச் சைக்கிள்தான் சுமந்தது. விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதிலேதான் போயின. அதை மிதித்தவர்களுக்கு 20 கி.மீ. புதிதல்ல. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடாத பிள்ளையும் அங்கே குறைவு.

நீச்சலின் கதை வேறு. 1954இல் மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலங்களில் நீந்தினார். அந்தக் கரையிலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இன்று நீச்சல் தெரியாது. போர்க்காலத்தில் கடல் பாதுகாப்பு வலயமானது, மீன்பிடிக்கே தடை வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பிள்ளையைக் கடலில் இறக்க மனம் வராத தாய்மார் பலர். முகாமிலும் அடுக்குமாடியிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் ஒரு காட்சி மட்டுமே. படகில் நாடு கடந்தவர்களின் பயத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அது காரணத்தோடு வந்தது.

தண்ணீரில்தான் ஆபத்தும் அதிகம்

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லன் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதயத் துடிப்பு நின்ற சம்பவங்களையும் ஆராய்ந்து 2017இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நீச்சலின்போது நேர்ந்தது. பாதிக்கப்பட்டோரில் 85 வீதமானோர் ஆண்கள். சராசரி வயது 47ஐ ஒட்டியது. அதாவது, கதிரையில் இருந்தே வேலை செய்து ஐம்பதைத் தொடும் எம்மைப் போன்றவர்களின் வயது.

ஆகவே முதல் வேலை வைத்தியரிடம் போவது. இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதயப் பரிசோதனை தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். இன்சுலின் எடுப்பவர்கள் பயிற்சி நாளில் மருந்தையும் உணவையும் எப்படி மாற்றுவது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனந்தன் 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோதுதான் உயிர் நீத்தார். அவ்வளவு பெரிய நீச்சல் வீரரையே தண்ணீர் கொண்டுபோனது.

கோடையில் தண்ணீர், குளிரில் வீதி

வளைகுடாவில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்விக்க ஐக்கிய அரபு இராச்சியச் சட்டம் தடை விதிக்கிறது. அந்த மாதங்களில் வீதியில் ஓடிப் பழகுவது அறிவல்ல. அந்தக் கோடையை நீச்சலுக்கு ஒதுக்கிவிடலாம்.

மே மாதத்தில் பயிற்றுநரிடம் சேர்ந்தால் நான்கைந்து மாதம் கிடைக்கும். முதலில் தண்ணீருக்குள் மூச்சு விடுதல், பிறகு மிதத்தல், பிறகே கையும் காலும். 25 மீற்றர் தடாகத்தில் 750 மீற்றர் என்பது 30 நீளம். முதல் மாதத்தில் ஒரு நீளம் நிற்காமல் போனாலே போதும். பெண்களுக்கு மட்டுமான நேரமும் பெண் பயிற்றுநர்களும் பல தடாகங்களில் உண்டு. முழு உடல் மூடிய நீச்சல் உடையும் இங்கே வழமையானதே. தடாகத்தில் 30 நீளம் வந்த பிறகு, ஒக்டோபருக்குப் பின், உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில் துணையோடு மட்டும் கடலில் இறங்கலாம். தடாகத்தில் அடிக்கோடு தெரியும், கடலில் தெரியாது. அந்த வித்தியாசத்துக்குப் போட்டி நாளுக்கு முன்பே பழக வேண்டும்.

ஒக்டோபரிலிருந்து வீதிக்கு வரலாம். வாகனங்களுக்கு நடுவே ஓட்ட வேண்டாம். டுபாயில் அல் குத்ரா, நத் அல் ஷெபா, அபுதாபியில் அல் வத்பா ஆகிய இடங்களில் தனிச் சைக்கிள் பாதைகள் உள்ளன. யாஸ் மரினா கார்ப் பந்தயப் பாதையும் சில மாலைகளில் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் திறக்கப்படும், பெண்களுக்கெனத் தனி மாலையும் உண்டு. இலக்கு மார்ச் மாதப் போட்டியானால் இன்னும் ஐந்து மாதம் கையில் இருக்கும். இவ்வாண்டுகளில் ரமழானும் பெப்ரவரி, மார்ச்சில் வருவதால், தடாகங்களின் நேர மாற்றத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கிழமை

கடைசிப் பன்னிரண்டு கிழமைகளுக்கு இந்த அட்டவணை போதும்: இரண்டு நீச்சல், இரண்டு சைக்கிள், இரண்டு ஓட்டம், ஒரு முழு ஓய்வு நாள். வேலை நாளில் 40 நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. நீண்ட பயிற்சி விடுமுறை நாளில். எமிரேட்ஸில் 2022 முதல் அது சனி, ஞாயிறு. மற்ற வளைகுடா நாடுகளில் வெள்ளி, சனி. கடைசி ஆறு கிழமைகளில் ஒருமுறையாவது சைக்கிளை விட்டு இறங்கியதும் பத்து நிமிடம் ஓடிப் பார்க்க வேண்டும். கால் மரக்கட்டை போலிருக்கும். பழகினால் சரியாகும். போட்டிக்கு முந்திய கிழமை பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பன்னிரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்று வேலை செய்து முகாமுக்குத் திரும்பும் எம் உறவுகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அவர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் போதிக்க எமக்கு உரிமையும் இல்லை.

செலவு

முதலில் வாங்க வேண்டியவை மூன்று: நீச்சல் கண்ணாடி, தரமான தலைக்கவசம், அளவான ஓட்டச் சப்பாத்து. நீச்சல் பயிற்றுநருக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சைக்கிளை இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு பிறேக்கும் ஒழுங்காகப் பிடித்தால் முதற்போட்டிக்குச் சாதாரணச் சைக்கிள் போதும். வெட்சூட் வாங்க வேண்டாம். 1500 மீற்றர் வரையான நீச்சலில் தண்ணீர் 22 பாகைக்கு மேலிருந்தால், உலக ட்ரையத்லன் விதிப்படி பொதுப் பிரிவினர் அதை அணிய முடியாது. இங்கே பெரும்பாலும் அந்த நிலைதான்.

மருத்துவக் காப்புறுதி விளையாட்டுப் போட்டியில் வரும் காயத்தை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வேறு நாட்டில் நடக்கும் போட்டிக்குப் பணம் கட்டுமுன் விசாவைப் பார்க்க வேண்டும். எம்மில் பலரின் பயண ஆவணங்களுக்கு எல்லாக் கதவும் திறப்பதில்லை. முதற்போட்டி வசிக்கும் ஊரிலேயே இருக்கட்டும்.

போட்டி நாள்

நீச்சலில் கூட்டத்தின் பின்னால், ஓரமாகத் தொடங்குங்கள். எந்த முறையிலும் நீந்தலாம். களைத்தால் மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்தபடி முன்னே நகரத்தான் கூடாது. முடியாவிட்டால் ஒரு கையை உயர்த்துங்கள், உதவி வரும். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும், சைக்கிளை நிறுத்திய பிறகே பட்டியைக் கழற்ற வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சில்லை ஒட்டிக்கொண்டு ஓட்டுவது பொதுப் பிரிவில் பெரும்பாலும் தடை. ஓட்டத்தில் நடந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். தாகம் எடுக்குமுன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தலை சுற்றினால், குளிர் அடித்தால் நிறுத்திவிடுங்கள்.

ஏதோ காரணத்தால் போட்டி கைகூடாமல் போனாலும் கோடையில் கற்ற நீச்சல் வீண்போகாது. தடாகத்துக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு ஐந்து மாதம் தேவைப்படாது.