கணிதக் கற்றல் குறைபாடு: பெற்றோர் அறிய வேண்டியவை

கணிதக் கற்றல் குறைபாடு என்றால் என்ன?

இயல்பான அறிவுத்திறன் இருந்தும், முறையாகக் கற்பித்தும், எண்களின் அளவை உணர்வதிலும் கணக்கிடுவதிலும் இடர்ப்பாடு நீடிப்பதே கணிதக் கற்றல் குறைபாடு. இதனை மருத்துவத்தில் 'டிஸ்கால்குலியா' என்பர். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 3 முதல் 7 பேருக்கு இது காணப்படுகிறது. மூளை எண்களைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடே இதன் அடிப்படை. குழந்தையின் சோம்பலோ பெற்றோரின் வளர்ப்போ காரணமன்று.

அறிகுறிகள்

• மூன்றாம் வகுப்பிலும் சிறு கூட்டலுக்கு விரல்களையே நம்பியிருத்தல்
• 7, 9 ஆகியவற்றுள் பெரியது எதுவெனத் தயங்குதல்
• நூற்றைந்தை 1005 என எழுதுதல்
• நேற்றுக் கற்ற வாய்ப்பாட்டை இன்று மறத்தல்
• மணி பார்ப்பதிலும் சில்லறை எண்ணுவதிலும் குழப்பம்

'தொண்ணூறு' என்னும் சொல்லில் 'நூறு' ஒலிப்பதால், 90-ஐ எழுதத் தொடக்கத்தில் எந்தக் குழந்தையும் தடுமாறலாம்; அது மட்டுமே குறைபாடாகாது. தனிக்கவனத்துடன் கற்பித்தும் ஆறு மாதங்களுக்கு மேல் இடர்ப்பாடுகள் நீடித்தால் பரிசோதனை தேவை.

பரிசோதனை

முதலில் பார்வை, செவித்திறன், கவனக்குறைவு ஆகியவை ஆராயப்படும். மேட்டூர்ப் பகுதியினர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரை அணுகலாம். தேவையெனில், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற உயர்நிலை மையத்திற்குப் பரிந்துரைக்கப்படும். இக்குறைபாட்டை இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ கண்டறிய இயலாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கியது போன்ற கற்றல் திறன் தேர்வுகளே உதவும்.

வீட்டில் செய்யக்கூடியவை

இதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. தகுந்த பயிற்சியே முன்னேற்றம் தரும். நாள்தோறும் 15 நிமிடங்கள் போதும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்பைக் காட்டுங்கள். பொருள், படம், எண் என்ற வரிசையில் கற்பியுங்கள். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. "நேற்று 108 அடி, இன்று 112 அடி, எவ்வளவு உயர்ந்தது? நிரம்ப இன்னும் எத்தனை அடி?" என்று கேட்கலாம். 'மக்கு' என்று ஒருபோதும் கூறாதீர்கள். அச்சம் மிகுந்தால் தெரிந்த கணக்கும் தவறும்.

பள்ளியில்

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் மாணவர்கள் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்கின்றனர். அரும்பு நிலையில் இருப்பது தாழ்வன்று. அங்கிருந்தே அடித்தளம் உறுதிப்படும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் ஏற்றுள்ளது. தேர்வுச் சலுகைகளுக்கான சான்றிதழ் பொதுவாக 8 வயதையொட்டி வழங்கப்படும். அதுவரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவரைக் காண வரும்போது குழந்தையின் கணக்கு நோட்டை எடுத்து வாருங்கள்.