மேடைக்குக் கீழே நின்றவர்கள்

1956 அக்டோபர் 14, நாக்பூர். அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றார். பிறகு அவரே 22 உறுதிமொழிகளைச் சொல்ல, லட்சக்கணக்கான நம் மக்கள் திருப்பிச் சொன்னார்கள். மேடையில் இருந்தவர்களை வரலாறு அறியும். கீழே நின்றவர்களின் பெயர்கள் எங்கே?

2015இல் தலித் பெண்கள் தொடங்கிய 'தலித் வரலாற்று மாதம்' ஒரு வழி காட்டியது. பலர் கூடி எழுதி, படங்கள் சேர்த்து, இணையத்தில் காலக்கோடு ஒன்றை உருவாக்கினார்கள். ஒரு தேதியைச் சொடுக்கினால் அந்த நாள் விரிந்தது.

பெரியநாயக்கன்பாளையம் தோழர்களே, அன்று 15 வயதில் இருந்தவர் இன்று 80ஐத் தாண்டிவிட்டார். நம் தெருவில் முதன்முதலில் அம்பேத்கர் படம் திறந்த நாளை நினைவில் வைத்திருக்கும் பாட்டியின் குரலைக் கைபேசியில் பதியுங்கள். ஒருவர் வரையட்டும், ஒருவர் வரைபடத்தில் இணைக்கட்டும். ஆதிக்கச் சாதிகளின் கல்வெட்டில் நமக்கு இடமில்லை. நம்முடையதை நாமே செதுக்குவோம்.

ஜெய்பீம்!